சாக்குக்குள் ஒரு சேவல்: கொழும்பில் ஆறு நாள்

முதல் நாள்

இரவு ரயில் கொழும்புக் கோட்டையில் வந்து நின்றபோது இன்னும் முழுதாக விடியவில்லை. என்னிடம் இரண்டு சாமான்கள். தோளில் உடுப்புப் பை. காலடியில், பழைய சாரத்தில் சுற்றி அரிசிச் சாக்கில் இறுக்கிக் கட்டிய ஒரு மோட்டார் சைக்கிள் எஞ்சின். யாழ்ப்பாணத்தில் ஏறியதிலிருந்து என் பாதம் அதைத் தொட்டுக்கொண்டே இருந்தது. மதவாச்சிக்குப் பிறகு கண் அயர்ந்தபோதும் காலை எடுக்கவில்லை.

பி.எஸ்.ஏ. பான்டம் டீ1, 1951ஆம் ஆண்டு வண்டி. 123 சீசீ, மூன்று கியர். 1978இல், என் 19ஆவது வயதில், மானிப்பாயில் எங்கள் ஒழுங்கையில் இருந்த ஓய்வுபெற்ற எழுதுவினைஞர் ஒருவரிடம் வாங்கினேன். அன்றிலிருந்து வேறு மோட்டார் சைக்கிள் எனக்குச் சொந்தமாக இருந்ததில்லை. வேண்டும் என்று தோன்றியதும் இல்லை. நில அளவையாளனாக வேலை பார்த்த காலம் முழுவதும் அளவைச் சங்கிலியையும் முக்காலியையும் பின்னால் கட்டிக்கொண்டு வலிகாமத்து ஒழுங்கைகளில் இதில்தான் திரிந்தேன். பிள்ளைகள் இரண்டு பேரும் பள்ளிக்கூடம் போனது இந்தப் பெற்றோல் தாங்கியின் மேல் உட்கார்ந்துதான்.

மூன்று மாதத்துக்கு முன் கைதடிப் பக்கம் போய்க்கொண்டிருந்தபோது எஞ்சினுக்குள் ஒரு தட்டல் கேட்டது. கதவை விரல் முட்டியால் தட்டுவது போன்ற சத்தம். உடனே நிறுத்திவிட்டு வீடு வரை தள்ளிக்கொண்டு வந்தேன். பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்குவது கிராங்க்; பிஸ்டனை அதோடு இணைக்கும் தண்டு கொன்ரொட். அவை இரண்டும் சேரும் இடத்து ரோலர்கள் தேய்ந்துவிட்டன. நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு பட்டறையில் அந்தக் கிராங்கைப் பிரித்து, மையம் பார்க்காமல் மறுபடி அழுத்திப் பொருத்தியிருந்தார்கள். அந்தக் கோணல் சிறிது சிறிதாக ரோலரைத் தின்றிருக்கிறது. அன்று அவர்கள் வேலை செய்தபோது நான் பக்கத்தில் நிற்காமல் வீட்டுக்குப் போனதை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

உதிரிப்பாகம் எனக்குப் பிரச்சினை இல்லை. இங்கிலாந்தில் பான்டத்துக்கு இன்றும் கொன்ரொட், பின், ரோலர், பிஸ்டன் எல்லாம் புதிதாகக் கிடைக்கின்றன. தங்கச்சியின் மகன் லண்டனிலிருந்து ஒரு சிறிய பெட்டியில் அனுப்பிவிட்டான். பொருள் தபாலில் வந்துவிட்டது. அதைப் பொருத்தும் கை தபாலில் வராது. அதனால்தான் எஞ்சினையே தூக்கிக்கொண்டு கொழும்புக்கு வந்திருக்கிறேன்.

நிலையத்துக்கு வெளியே சுமை தூக்கும் நாட்டாமை ஒருவர் சாக்கைத் தூக்கிப் பார்த்து, "என்ன ஐயா, கோயில் மணியா?" என்று கேட்டார். எஞ்சின் என்றேன். அதற்குப் பிறகு அதை முச்சக்கரவண்டியில் வைத்தபோது அவர் கை காட்டிய பக்குவத்தை மறக்க மாட்டேன்.

வெள்ளவத்தையில் தங்கச்சி வீடு. தொடர்மாடியின் நான்காம் தளம். பல்கனியில் பத்திரிகைகளை விரித்து இடம் ஒதுக்கி வைத்திருந்தாள். "அண்ணா, அது இரவு குளிரில் கிடக்கலாமா?" என்று கேட்டாள். அவளும் அந்தத் தாங்கியில் உட்கார்ந்து வளர்ந்தவள்தான். இடியப்பமும் சொதியும் சாப்பிட்டுவிட்டு மத்தியானம் வரை நித்திரை கொண்டேன்.

இரண்டாம் நாள்

பஞ்சிகாவத்தை. மருதானைக்குப் பக்கத்தில் உள்ள இந்தத் தெருக்களில் கிடைக்காத வாகன உறுப்பு இல்லை என்பார்கள். கடை வாசல்களில் கதவுகள் அடுக்கி நிற்கின்றன. கூரையிலிருந்து பம்பர்கள் தொங்குகின்றன. ஜப்பானிலிருந்து வந்த பாவித்த எஞ்சின்கள் எண்ணெய் வடிய வரிசையாகக் கிடக்கின்றன. சாக்கோடு இறங்கினேன்.

முதல் கடைக்காரர் நல்ல மனிதர். சாக்கை அவிழ்த்துப் பார்த்துவிட்டு, "இதை விடுங்கள் ஐயா. 90 சீசீ ஜப்பான் எஞ்சின் ஒன்று தருகிறேன். சட்டத்தில் இரண்டு பிடி ஒட்டினால் போதும், நாளைக்கே ஓடும்" என்றார். அவர் சொன்னது உண்மை, ஓடும். ஆனால் அந்த ஓட்டத்தில் பான்டம் இருக்காது. இரண்டாவது கடையில் ஓர் இளைஞர் கைபேசியில் வண்டியின் படத்தைப் பார்த்ததும், உணவகச் சுவரில் மாட்டுவதற்கு இப்படிப்பட்ட வண்டிகளைத் தேடி ஒருவர் அலைகிறார் என்றும், ஓடாவிட்டாலும் பரவாயில்லை என்றும் சொல்லி ஒரு தொகையும் சொன்னார். பெரிய தொகைதான். எனக்குக் கோபம் வந்தது. ஓடுவதற்காகச் செய்த பொருளைச் சுவரில் ஏற்றிவைத்து அதன் கீழே உட்கார்ந்து சோறு சாப்பிடுவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. வணக்கம் சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

ஐந்தாவதோ ஆறாவதோ கடையில், கணக்குப் புத்தகத்தின் முன் இருந்த ஒரு முதியவர் சாக்கைத் திறக்கச் சொல்லவே இல்லை. என் சட்டைப் பையிலிருந்த பெற்றோல் மூடியை வாங்கி, திருப்பி, அதன் அடியில் உள்ள சிறு குவளையைப் பார்த்தார். பெற்றோலில் எண்ணெய் கலப்பதற்கான அளவுக் குவளை அது. மூடியோடு சேர்த்தே செய்திருப்பார்கள். "பான்டம்" என்றார். பிறகு ஒரு துண்டுத் தாளில் கிராண்ட்பாஸில் ஓர் ஒழுங்கைக்கு வழி வரைந்து தந்தார். "நானா இருப்பார். நேரே போங்கள்."

நானா என்பது முஸ்லிம் அண்ணன்மாரை அழைக்கும் பெயர். அவருடைய கராஜுக்குப் பெயர்ப்பலகை இல்லை. தகரக் கூரை, ஒரு மேசை, சுவர் முழுக்கச் சாவிகள். எழுபதைத் தாண்டியவர், கண்ணாடியை நூலில் கட்டிக் கழுத்தில் போட்டிருந்தார். கூலியைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. "எத்தனை வருடம் உங்களிடம் இருக்கிறது?" என்று மட்டும் கேட்டார். நாற்பத்தேழு என்றேன். மேசையைத் துடைத்துவிட்டு, "வையுங்கள்" என்றார்.

கித்தான் துணியில் சுருட்டி வைத்திருந்த சாவிக் கட்டை விரித்தார். விட்வேர்த் அளவுச் சாவிகள். நட்டின் தலை அகலத்தைச் சொல்லாமல் போல்ட்டின் தண்டுக் கனத்தைச் சொல்லும் பழைய ஆங்கிலேய அளவு. மில்லிமீற்றர் சாவியைப் போட்டால் ஒன்று உட்காராது, அல்லது நட்டின் முனையை மழுக்கிவிடும். என் எஞ்சினில் மழுங்கிய நட்டு ஒன்றைக் கண்டு நானா என்னை நிமிர்ந்து பார்த்தார். முந்தைய பட்டறையின் வேலை என்றேன். தலையாட்டினார்.

அவர் பிரிக்கப் பிரிக்க, அருகில் நின்ற சிங்களப் பையனுக்கு நான் இந்த எஞ்சினின் கதையைச் சொன்னேன். நானா இடையிடையே சிங்களத்தில் எடுத்துச் சொன்னார். இது பிறப்பால் ஜெர்மன் எஞ்சின். சாக்சனியில் சோப்பாவ் என்ற ஊரில் டீ.கே.டபிள்யூ. தொழிற்சாலையில் ஹெர்மன் வேபர் என்ற பொறியாளர் வரைந்த ஆர்.டி.125. யுத்தம் முடிந்ததும் வென்ற நாடுகள் இழப்பீடாக அந்த வரைபடங்களை எடுத்துக்கொண்டன. ரஷ்யர்கள் மாஸ்க்வா என்று செய்தார்கள். அமெரிக்காவில் ஹார்லி டேவிட்சன் செய்தது. பர்மிங்காமில் பி.எஸ்.ஏ. 1948இல் பான்டம் என்று விட்டது. ஜப்பானில் யமஹா 1955இல் செய்த முதல் மோட்டார் சைக்கிளும் இதே வரைபடத்தின் வழிவந்ததுதான். வேபரை ரஷ்யாவுக்குக் கொண்டுபோனார்கள். 1948இல் அங்கேயே இறந்துபோனார். தன் எஞ்சின் உலகம் முழுக்க ஓடியதை அவர் பார்க்கவில்லை. ஆங்கிலேய ஓட்டுநர்களுக்குக் கியர் வலது காலில் வேண்டும் என்பதற்காக பி.எஸ்.ஏ. அந்த வரைபடத்தைக் கண்ணாடியில் பார்ப்பது போல் இடம் வலமாகத் திருப்பியது. பையன் குனிந்து கியர்த் தண்டைத் தொட்டுப் பார்த்தான்.

கிராங்க் வெளியே வந்தது. நானா கொன்ரொட்டை இரண்டு விரலால் பிடித்து மேலும் கீழும் அசைத்தார். டக், டக். கைதடியில் நான் கேட்ட அதே தட்டல், இப்போது வெறும் கையில். சிலிண்டரையும் அளந்தார். மூன்று முறை குடைந்து குடைந்து பெருத்துவிட்டது. இனிக் குடைய இரும்பு போதாது. உள்ளே ஸ்லீவ் என்ற இரும்பு உறையை இறக்கிப் பழைய 52 மில்லிமீற்றருக்குக் கொண்டுவர வேண்டும். பக்கத்து ஒழுங்கை கடைசல் பட்டறையில், பாஸ் என்று எல்லோரும் அழைக்கும் கைவினைஞரிடம் கொடுத்தோம். நாளை போயா, பௌர்ணமி விடுமுறை; கடை இல்லை. நாளை மறுநாள் என்றார்.

மூன்றாம் நாள்

போயா விடுமுறை. செய்வதற்கு ஒன்றும் இல்லாத நாளுக்காக ஒரு வேலையை மனத்தில் வைத்திருந்தேன். வண்டியின் பழைய பதிவுப் புத்தகத்தை ஒரு பொலித்தீன் உறையில் கொண்டுவந்திருக்கிறேன். முதல் பக்கத்தில், நீல மையில், பம்பலப்பிட்டியில் ஒரு முகவரி.

என்னிடம் வண்டியை விற்ற எழுதுவினைஞர்தான் முதல் சொந்தக்காரர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அரசாங்க வேலை பார்த்த ஐந்தாறு பேர் சேர்ந்து ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தார்களாம். காலையில் காலி வீதியால் கோட்டைக்கு வேலைக்குப் போவார். மாலையில் காலிமுகத்திடலில் வண்டியை நிறுத்திக் கடற்காற்று வாங்குவார். 1958 கலவரத்துக்குப் பிறகு இடமாற்றம் கேட்டு ஊருக்கு வந்தார். வண்டி சரக்கு ரயிலில் வந்தது. இலக்கத் தகட்டில் இன்றும் சிலோன் என்ற ஆங்கிலப் பெயரிலிருந்து எடுத்த இரண்டு எழுத்துகள் இருக்கின்றன. சிங்கள ஸ்ரீ தகட்டில் ஏறுவதற்கு முந்தைய பதிவு.

காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கை அது. அந்த இலக்கத்தில் இப்போது உயர்ந்த தொடர்மாடி நிற்கிறது. காவலாளியிடம் பழைய வீட்டைப் பற்றிக் கேட்டேன். தான் வந்து இரண்டு வருடம்தான் என்றார். 1983 கலவரத்தில் இந்த ஒழுங்கையில் என்ன நடந்தது என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை. ஒழுங்கையின் முடிவில் ரயில் பாதையும் அதற்கப்பால் கடலும் மட்டும் எழுதுவினைஞர் சொன்னது போலவே இருந்தன. பதிவுப் புத்தகத்தை வெளியே எடுத்து, முகவரிப் பக்கத்தைத் திறந்து, சிறிது நேரம் அங்கேயே நின்றேன்.

மாலையில் செட்டியார் தெருவுக்குப் போனேன். நகைக்கடைகள் எல்லாம் பூட்டியிருந்ததால் தெரு அகலமாகத் தெரிந்தது. கதிரேசன் கோயிலில் சேவற்கொடியைப் பார்த்ததும் அம்மா நினைவு வந்துவிட்டது.

பான்டம் என்றால் சிறு சாதிச் சேவல். பி.எஸ்.ஏ. தாங்கியின் இரு பக்கமும் ஒரு சேவல் படம் ஒட்டி அனுப்பியது. 1978இல் நான் வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று அம்மா அந்தச் சேவலைப் பார்த்துவிட்டு உள்ளே போய்த் திருநீற்றுத் தட்டை எடுத்து வந்தார். முருகனின் சேவல் வீடு தேடி வந்திருக்கிறது என்பது அவர் முடிவு. நான் மறுத்துப் பேசவில்லை. அதன் பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும், நான் வேலைக்குப் புறப்படும் முன், வலது பக்கச் சேவலின் கொண்டையில் திருநீறு வைப்பார். விரல் பட்டுப் பட்டு அந்தக் கொண்டை அழிந்துவிட்டது. இடது பக்கச் சேவலுக்குக் கொண்டை இன்னும் சிவப்பாக இருக்கிறது.

1995 ஒக்டோபர் 30. போர் நெருங்க, வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் எழுந்து தென்மராட்சியை நோக்கி நடந்தது. மழை. செம்மணியிலிருந்து நாவற்குழிப் பாலம் வரை மனிதர் மேல் மனிதர். ஒரு பாதம் எடுத்து வைக்க எத்தனையோ நிமிடம். பெற்றோல் தடைக் காலம் அது. சூப்பி என்ற சிறு போத்தலால் இரண்டு சொட்டுப் பெற்றோல் விட்டுக் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டுவோம். அந்த நெரிசலில் அதுவும் முடியாது. வண்டியில் ஒரு ட்ரங்குப் பெட்டி, ஒரு அரிசி மூட்டை, அதன் மேல் தங்கச்சியின் கைக்குழந்தையைச் சுற்றிய துணிமூட்டை. நான் ஹாண்டிலைப் பிடித்துத் தள்ள, அம்மா வலது பக்கம் தாங்கியில் கை வைத்துக்கொண்டு நடந்தார். சாவகச்சேரியை அடையும் வரை அவர் அந்தக் கையை எடுக்கவில்லை. அந்தக் குழந்தைதான் இப்போது லண்டனிலிருந்து கொன்ரொட் அனுப்பியவன்.

அடுத்த ஆண்டு அதே பாதையால், அதே வண்டியைத் தள்ளிக்கொண்டு திரும்பி வந்தோம். வீட்டுக்குக் கூரை இருக்கவில்லை.

கோயிலில் அதிக நேரம் இருந்துவிட்டேன். பஸ்ஸில் திரும்பி வந்தபோது தங்கச்சி ஏன் கண் சிவந்திருக்கிறது என்று கேட்டாள். கடற்காற்று என்றேன்.

நான்காம் நாள்

எழுதுவதற்கு அதிகம் உள்ள நாள் இதுதான்.

பாஸ் ஸ்லீவை இறக்கி முடித்திருந்தார். டூ-ஸ்ட்ரோக் சிலிண்டரின் சுவரில் கலவை வருவதற்கும் புகை போவதற்கும் சன்னல்கள் உண்டு; ஸ்லீவிலும் அதே இடத்தில் அவற்றைத் திறந்து, பிஸ்டன் ரிங் மாட்டிக்கொள்ளாதபடி விளிம்புகளை அரத்தால் மழுக்க வேண்டும். விரலை உள்ளே விட்டுத் தடவினேன். எங்கும் இடறவில்லை.

பிறகு கிராங்க். பான்டத்தின் கிராங்க் இரண்டு இரும்பு வட்டுகள்; நடுவே ஒரு பின், அந்தப் பின்னைச் சுற்றி ரோலர்கள், ரோலரின் மேல் கொன்ரொட். நட்டு இல்லை, போல்ட் இல்லை. அழுத்தத்தால் மட்டுமே பிடித்து நிற்கிறது. புதிய பின்னை அழுத்தி ஏற்றிய பிறகு இரண்டு வட்டுகளின் அச்சும் ஒரே கோட்டில் வர வேண்டும். அதில்தான் முந்தைய பட்டறை தவறியது.

நானா கிராங்கை இரண்டு கூர்முனைகளுக்கு நடுவே தொங்கவிட்டார். அச்சின் மேல், சிறு கோணலையும் முள்ளால் காட்டும் டயல் கேஜின் நுனியை வைத்தார். பையன் கிராங்கை மெதுவாகச் சுழற்றினான். முள் இடப்பக்கம் போய், வலப்பக்கம் வந்தது. ஒன்பது. அதாவது ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒன்பது பங்கு கோணல். தலைமயிரின் கனத்துக்கு இரண்டு மூன்று மடங்கு. நானா வட்டின் விளிம்பில் சுண்ணக்கட்டியால் ஒரு புள்ளி வைத்தார். கிராங்கைக் கீழே எடுத்து, உள்ளங்கையில் ஏந்தி, செப்புச் சுத்தியலால் அந்தப் புள்ளியில் ஓர் அடி. மறுபடி முனைகளுக்கு நடுவே. ஆறு. மறுபடி ஓர் அடி. ஏழு. தலையை அசைத்தார். புள்ளியை அழித்துக் கால்வட்டம் தள்ளி வைத்தார். அடி. மூன்று.

அடிக்கும்போது அவர் கையைப் பார்த்தேன். முழங்கை அசையவில்லை, மணிக்கட்டு மட்டும். அடித்த சத்தத்தைக் காதால் கேட்ட பிறகே முள்ளைப் பார்க்கிறார். முள் சொல்லப்போவது அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது. முப்பது வருடம் தியோடலைட்டின் முன் நின்றவன் நான். கருவியைக் கண்ணுக்குப் பழக்க எத்தனை காலம் பிடிக்கும் என்பது எனக்குத் தெரியும். கை சுத்தியலைப் பழகுவதற்கு அதைவிடக் கூடுதலாகவே பிடித்திருக்கும்.

மத்தியானத் தொழுகைக்குப் போய் வந்தார். பிளேன்டீ குடித்தோம். மூன்றிலிருந்து இரண்டு வருவதற்கு ஒரு மணி நேரம் ஆனது. இரண்டு போதும் என்றேன் நான். கையேடும் அதைத்தான் சொல்கிறது. "உங்களுக்குப் போதும். கிராங்குக்குப் போதுமா என்று பார்ப்போம்" என்றார். நாலரை மணிக்கு முள் ஒன்றுக்கும் பூச்சியத்துக்கும் நடுவில் நின்று இலேசாக நடுங்கியது. பையன் சுழற்றிக்கொண்டே இருந்தான். மூன்று பேரும் ஒன்றும் பேசவில்லை.

அந்தப் பையன் வெல்லம்பிட்டியிலிருந்து வருகிறான். நானாவின் மகன்கள் இரண்டு பேரும் கட்டாரில். டயல் கேஜைத் துடைத்துப் பெட்டிக்குள் வைக்கும் வேலையை நானா அவனைத் தவிர யாரிடமும் கொடுப்பதில்லை என்று பிறகு தெரிந்தது.

ஐந்தாம் நாள்

காலையில் புதிய சீல்கள். இதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில் கிராங்க் சுழலும் அறைதான் நுரையீரல். பிஸ்டன் மேலே போகும்போது அறை கலவையை உள்ளே இழுக்கிறது. கீழே வரும்போது அதை அமுக்கி மேலே அனுப்புகிறது. கிராங்கின் இரு முனையிலும் உள்ள சீல் கசிந்தால் வெளிக்காற்று புகுந்துவிடும். எஞ்சின் சூடேறித் தறிகெட்டு ஓடும். என்னுடையவை பிளாஸ்டிக் போல் இறுகிப் போயிருந்தன.

பொறிக்கான மின்சாரத்தைத் துண்டிக்கும் பிளட்டின முனைகளின் இடைவெளி அங்குலத்தில் ஆயிரத்துக்குப் பதினைந்து. பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு 5/32 அங்குலம் முன் பொறி. இந்த இரண்டையும் என்னையே வைக்கச் சொன்னார் நானா. "நாற்பத்தேழு வருடம் நீங்கள் வைத்த அளவு. நான் கை வைக்கக் கூடாது" என்றார்.

எஞ்சினை இரும்புச் சட்டத்தில் போல்ட் போட்டு இறுக்கினோம். என் பான்டத்தின் பறக்கும் சக்கரத்திலேயே காந்தம் இருப்பதால் பொறிக்கு பற்றரி தேவையில்லை. மருத்துவமனைச் சேலைன் போத்தல் ஒன்றைக் கூரையில் கட்டித் தொங்கவிட்டு, குழாயைக் கார்புரேட்டரில் பொருத்தினான் பையன். பெற்றோலும் எண்ணெயும் கலக்க, சட்டைப் பையிலிருந்து என் மூடியை எடுத்தேன். இருபதுக்கு ஒன்று. அந்தக் குவளையில் அளந்து ஊற்றினேன்.

கார்புரேட்டரின் பொத்தானைப் பெற்றோல் கசியும் வரை அழுத்தினேன். முதல் உதை: ஒன்றும் இல்லை. இரண்டாவது: ஒரு செருமல், ஒரு வளையம் நீலப் புகை. மூன்றாவதில் பிடித்துக்கொண்டது.

சைலன்ஸர் இல்லாமல் குட்டைக் குழாய்தான். ஒழுங்கை முழுவதும் சத்தம். எதிர்வீட்டு அம்மா கையில் கரண்டியோடு வந்து நின்றார்; பாஸ் வேலையை விட்டுவிட்டு வந்தார். நான் குனிந்து காதைக் கொடுத்தேன். தட்டல் இல்லை. நானா ஒரு நாணயத்தை எடுத்து சிலிண்டர் தலையில் குத்தாக நிறுத்தினார். ஒரு கணம் நின்றது, பிறகு சரிந்தது. மறுபடி நிறுத்தப் போனவரின் கையைப் பிடித்துக்கொண்டேன். குளிர்விக்கும் காற்று இல்லாமல் அதிக நேரம் ஓடவிடக் கூடாது. இரண்டு நிமிடத்தில் அணைத்தோம்.

கூலி கேட்டேன். அவர் சொன்னது குறைவு. கூட்டிக் கொடுத்ததில் பாதியைப் பையனிடம் கொடுத்தார், பாதியை என் சட்டைப் பையில், மூடிக்குப் பக்கத்தில், திரும்ப வைத்தார்.

ஆறாம் நாள்

யாழ்தேவியில் திரும்பிக்கொண்டிருக்கிறேன். பெற்றோலையும் எண்ணெயையும் சொட்டு மிச்சமில்லாமல் வடித்துவிட்டோம். சாக்கு அதே சாக்கு. சாரம் மட்டும் புதிது, தங்கச்சி தந்தது.

முதல் 500 மைலுக்கு மணிக்கு 30 மைலைத் தாண்டப்போவதில்லை. புதிய ஸ்லீவும் பிஸ்டனும் ஒன்றுக்கொன்று பழக வேண்டும். மானிப்பாயிலிருந்து சாவகச்சேரிக்குப் போய் வந்தால் ஏறத்தாழ முப்பது மைல். பதினேழு நாள், நாளுக்கு ஒரு முறை, காலை வெயில் ஏறும் முன்.

வவுனியா தாண்டியதும் மனைவியின் அழைப்பு வந்தது. கொட்டிலைக் கூட்டிவிட்டாளாம், வண்டிச் சட்டத்தில் படிந்த தூசியையும் துடைத்துவிட்டாளாம்.

"தாங்கியையும் துடைத்துவிடட்டுமா?" என்று கேட்டாள்.

"துடை. வலது பக்கச் சேவலை மட்டும் அப்படியே விடு" என்றேன்.

"அது எனக்குத் தெரியாதா?" என்றாள்.